மாலை வெயிலில் நடுகல்

கேள்வி: அடுத்த மாதம் சேலத்திலிருந்து பெங்களூருக்குக் காரில் செல்கிறோம். மாலையில் தர்மபுரியில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அங்குள்ள அகழ்வைப்பகத்தைப் பார்க்க அது போதுமா? சென்ற பயணத்தில் ஓர் ஊரில் அருங்காட்சியகம் முழுவதையும் வேகமாகச் சுற்றி வந்தோம். மாமனாருக்குக் கால் வலித்ததும் மகன் சலித்துப்போனதும்தான் மிச்சம்.
- வாசகி, சேலம்

பதில்: தாராளமாகப் போதும், சகோதரி, ஆனால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் வழியிலேயே விட்டுவிடுங்கள். தர்மபுரிக்கு வந்தால் பார்க்க வேண்டியவை நடுகற்கள், அதாவது சண்டையில் மாண்ட வீரர்களுக்காக நட்ட நினைவுக் கற்கள். அவற்றுள் நான்கைந்தின் முன் நிதானமாக நின்றாலே அந்த மாலை நிறைந்துவிடும்.

நடுகல்லில் உருவங்களை ஆழமாகக் குடைவதில்லை. பரப்பிலிருந்து விரற்கடை அளவே எழும்புமாறு செதுக்கியிருப்பார்கள். உச்சி வெயில் நேராக விழும்போது எதுவும் புலப்படாத கல்லில், சாயும் வெயில் பக்கவாட்டில் பட்டதும் வில்லும் வாளும் உடலில் தைத்த அம்புகளும் நிழல் கட்டி எழுந்து வருவதை நான் பலமுறை கண்டு மெய்சிலிர்த்திருக்கிறேன். வெயில் எட்டாத கல்லுக்கு, ஊழியரிடம் அனுமதி கேட்டு, கைபேசி விளக்கை ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். எதிரே நின்று ஃபிளாஷ் அடித்தால் உருவம் தட்டையாகிவிடும்.

இவற்றுள் பழையவை பல்லவர் காலத்தவை. தமிழின் பழைய எழுத்து வடிவமான வட்டெழுத்தில் முதலில் அரசனின் ஆட்சியாண்டும், பிறகு வீரன் எப்படி மாண்டான் என்பதும் இருக்கும். 'தொறு' என்ற சொல் அடிக்கடி வரும். ஆநிரை, அதாவது மாட்டு மந்தை என்று பொருள். மாடுகளைக் கவரப் போனவனுக்கும் மீட்கப் போனவனுக்கும் ஒரே மரியாதையோடு கல் நட்டிருக்கிறார்கள் என்பதை மகனிடம் சொல்லுங்கள். அவன் கேட்கும் கேள்விகளுக்கு மாமனார் பதில் சொல்லட்டும். வீரனின் காலடியில் மாடு இருக்கிறதா, மூக்கு வைத்த கெண்டி இருக்கிறதா என்று அவனையே தேடச் சொன்னால் சலிப்பு அண்டாது.

அந்தக் கெண்டியைக் கள் வைத்த கலமாகக் கொள்வோர் உண்டு. தர்மபுரிதான் பழைய தகடூர், அதியமானின் ஊர். அவன் இறந்தபின் ஒளவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், அவனுடைய நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள்; நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இந்தச் சிறு கள்ளையா கொள்வான் என்று கலங்குகிறார் ஒளவை. அந்த ஊரிலேயே, கெண்டி செதுக்கிய கல்லின் முன் நின்று இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

மாலை 5 மணிக்குள் மூடிவிடக்கூடும் என்பதால் மூன்றரைக்கே உள்ளே இருங்கள். விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வரும் வழியில் அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலின் விதானத்தில் இராமாயண, பாரத ஓவியங்கள் உள்ளன. அழகானவைதாம், ஆயினும் இதே மாலையில் அதையும் சேர்க்காதீர்கள், அண்ணாந்து பார்க்கத் தனியாக ஒரு நாள் வேண்டும். மாமனாருக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துச் செல்லுங்கள். அவர் அமர்ந்து பார்க்கும் உயரத்தில்தான் பெரும்பாலான கற்களில் வீரனின் முகம் இருக்கும்.