நியூரோமெலனின் எம்ஆர்ஐனா என்ன, அதுல பார்கின்சன் தெரியுமா?

நீங்க கேட்டது, மூளைல இருக்குற நியூரோமெலனினை ஸ்கேன்ல பாத்து, கை நடுக்கம் வர்ற பார்கின்சன் நோயை கண்டுபிடிக்கலாமான்னு. ஓரளவுக்கு முடியும்.

நடுமூளைல சப்ஸ்டான்ஷியா நைக்ரான்னு ஒரு பகுதி இருக்கு, லத்தீன்ல அதுக்கு கருப்புப் பொருள்னு அர்த்தம். அங்க இருக்குற செல்கள் டோபமைன்ங்கற மூளை ரசாயனத்தை தயாரிக்கும்போது மிஞ்சுறது வருஷக்கணக்கா சேர்ந்து சேர்ந்து கருப்பு நிறமியா மாறுது, அதுதான் நியூரோமெலனின். தோல்ல இருக்குற மெலனின் வேற, இது வேற, குழப்பிக்காதீங்க. இது இரும்பையும் பிடிச்சு வச்சுக்கும், அதனாலதான் சில வகை எம்ஆர்ஐல அந்த இடம் பளிச்சுன்னு வெள்ளையா தெரியுது. 2006ல ஜப்பான்ல 3 டெஸ்லா (காந்த சக்தியோட அளவு) எம்ஆர்ஐ மெஷின் வச்சு இதை தெளிவா காட்டுனாங்க.

பார்கின்சன்ல இந்த செல்கள்தான் சாகுது, அதனால அந்த வெளிச்சம் மங்கி சுருங்கிடும். கை நடுக்கம் வர்றதுக்குள்ள நிறைய செல் போயிடுதுங்கறதுதான் மனசுக்கு கஷ்டமான விஷயம், அதனாலதான் முன்னாடியே பாக்க ஒரு வழி கிடைச்சா அது எவ்ளோ பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன். ஊசி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது.

மூளைல நியூரோமெலனின் இருக்குற இன்னொரு இடம் லோகஸ் செருலியஸ், ரொம்ப சின்னது, நோரட்ரீனலின்ங்கற இன்னொரு மூளை ரசாயனத்தை தயாரிக்குற இடம், கவனத்துக்கும் ஞாபகத்துக்கும் முக்கியம். அல்சைமர்ல ஆரம்பத்துலயே அடி வாங்குறதும் இதுதான், வயசானவங்கள்ல இங்க சிக்னல் நல்லா இருந்தா ஞாபகசக்தியும் நல்லா இருக்குன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு.

ஆனா இந்த ஸ்கேனை மட்டும் வச்சு நோய்னு முடிவு பண்ணிடாதீங்க, வயசுக்கு ஏத்த மாதிரியே சிக்னல் மாறும், மெஷினுக்கு மெஷினும் மாறும், நியூராலஜிஸ்ட் நேர்ல பரிசோதிச்சு சொல்றதுதான் முக்கியம்.