கிறிஸ்துமஸ் வளையத்தில் பந்துகள் கழன்று விழுகின்றனவா?

அலங்காரப் பந்துகளைச் சூடான பசையால் ஒட்டிச் செய்த வளையத்தில், பந்தின் தலையில் இருக்கும் சின்ன மூடி மட்டும் ஒட்டியபடியே இருக்க, பந்து மறுநாள் கழன்று விழுகிறதா? பசையை மாற்ற வேண்டாம். முதலில் மூடியைப் பந்தோடு ஒட்டுங்கள். அந்த மூடியைப் பிடித்திருப்பது உள்ளே இரண்டு காலையும் விரித்து நிற்கும் ஒரு மெல்லிய கம்பிதான். கொஞ்சம் ஆட்டினாலே வந்துவிடும்.

மூடியைக் கழற்றி, பந்தின் கழுத்தில் ஒரு சுற்று சூடான பசை வைத்து, உடனே மூடியை அழுத்துங்கள். கண்ணாடிப் பந்து என்றால் மெதுவாக, கழுத்து சட்டென்று விண்டுவிடும். ஆறியதும் மூடியைப் பிடித்துக்கொண்டு லேசாக உதறிப் பாருங்கள். அசையவில்லையா, சரி. அப்புறம் வளையத்தில் ஒட்டும்போது, பக்கத்துப் பந்தைத் தொடும் இடத்திலும் ஒரு பொட்டுப் பசை வையுங்கள். பந்துகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தெர்மாகோல் வளையம் அதிக சூட்டில் உருகிக் குழிந்துவிடும், குறைந்த சூட்டு க்ளூ கன்தான் (பசையை உருக்கித் தரும் கருவி) அதற்கு நல்லது. வளையத்தைப் பரிசாகக் கொடுப்பதானால், வெயில் நேராக விழும் கதவில் மாட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; வெயிலில் இந்தப் பசை இளகிவிடும். வெளியேதான் மாட்டுவார்கள் என்றால் ஒவ்வொரு பந்தையும் கம்பியாலும் கட்டிவிடுங்கள்.