வாசகர் கேள்விகள்: அடுப்பைப் பற்றவையுங்கள்

ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மிதக்கின்றன. பிளாஸ்டிக்தானே?

இல்லை. எத்தனை முறை எழுதுவது! அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்த மணிகள் அவை. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலந்தவை. பொறுக்கி எறியாதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணி மகளுக்கு மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. ஏன்?

எத்தனையாவது மாதம், ஹீமோகுளோபின் எவ்வளவு, ஒன்றும் எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் சேர்க்கக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அப்படியும் ஏறாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

ஏழு மாதக் குழந்தைக்குக் கஞ்சி எவ்வளவு நீர்க்க இருக்கலாம்?

கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது. தாய்ப்பாலும் தொடரட்டும்.

மகளிர் குழுவில் இருக்கிறேன். ஊட்டச்சத்து மாத நிகழ்ச்சியில் என்ன பேசலாம்?

பேசாதீர்கள், சமையுங்கள். 2018 முதல் செப்டம்பர்தோறும் பார்த்துவருகிறேன்: தானியக் கோலம், உறுதிமொழி, போட்டோ. ஓர் ஊரில் முப்பது கிண்ணங்களில் சிறுதானியம் வைத்திருந்தார்கள். ஒன்றுகூட அடுப்பேறவில்லை. தாய்மார்களுக்குக் கொடுத்ததோ டீயும் கிரீம் பிஸ்கட்டும். இடுப்பிலிருந்த பிள்ளையொன்று கிரீமை நக்கிக்கொண்டே வரகுக் கிண்ணத்தைக் கவிழ்த்தது. அன்று உருப்படியாக விமர்சனம் செய்தது அது ஒன்றுதான்.

அங்கன்வாடி சத்துமாவு பல வீடுகளில் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. அதன் அருமை தெரியாமல் அல்ல. கட்டி தட்டுகிறது, பிள்ளை துப்புகிறது. மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று எந்தச் சுவரொட்டியும் சொல்வதில்லை. ஒரு சட்டி வைத்துக் கிண்டிக் காட்டுங்கள். அதே மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டி, வந்தவர்கள் கையில் கொடுங்கள். மாமியார்களையும் கூப்பிடுங்கள், வீட்டில் இருக்கும் ஒற்றை முட்டை யாருக்கு என்பது பெரும்பாலும் அவர்கள் முடிவு. டீயை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்துப்புக்கு மாறிவிட்டோம். நல்லதுதானே?

பாக்கெட்டில் 'அயோடின் சேர்த்தது' என்று இருக்கிறதா? இல்லையென்றால் பழைய உப்புக்கே திரும்புங்கள்.

தினமும் கீரை சாப்பிடுகிறேன். சாப்பிட்ட கையோடு ஒரு டீ. ஆனாலும் சோகை என்கிறார்கள்.

இரண்டாவது பதிலைப் படியுங்கள்.