டென்னிஸ் ராக்கெட்டுக்கு வீட்டிலேயே புது பெயிண்ட்: எடையைக் கவனியுங்கள்

கேள்வி: என்னிடம் எட்டு வருடமாக ஒரு பபோலா ப்யூர் டிரைவ் இருக்கிறது. கைக்கு நன்றாகப் பழகிவிட்டது, மாற்ற மனமில்லை. ஆனால் தலைப்பகுதியில் பெயிண்ட் பெயர்ந்து அசிங்கமாகிவிட்டது. முழுவதையும் மேட் கறுப்பாக மாற்ற ஆசை. ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே கேன் போதுமா? பழைய பெயிண்டை ரிமூவர் போட்டு எடுத்துவிடலாமா? பெயிண்ட் அடித்தால் ஆட்டம் மாறுமா? (சென்னை வாசகர்)

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும். ஆமாம், ஆட்டம் மாறும். எவ்வளவு மாறும் என்பது எத்தனை கிராம் பெயிண்ட் ஏற்றுகிறீர்கள், எந்த இடத்தில் ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ப்யூர் டிரைவின் வழக்கமான அளவு, நரம்பு இல்லாமல் 300 கிராம். சமநிலைப் புள்ளி கைப்பிடியின் அடியிலிருந்து 32 செ.மீ. கைப்பிடியில் கிரிப் சுற்றியிருப்பதால் அங்கே பெயிண்டுக்கு வேலையில்லை. ஆகவே நீங்கள் அடிக்கும் பெயிண்டில் பெரும்பகுதி அந்தப் புள்ளிக்கு மேலே, தலைப்பகுதியில்தான் போய் உட்காரும்.

எவ்வளவு பெயிண்ட் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிரிப் நீங்கலாக ஃப்ரேமின் மேற்பரப்பு ஏறக்குறைய 900 சதுர செ.மீ. வரும். காய்ந்த பெயிண்ட் 25 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு கனம் இருந்தாலே சுமார் 3 கிராம் ஆகிவிடும். பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) என மூன்றும் அந்தக் கனத்தில் ஏறினால் 9 கிராம். 300 கிராமில் 9 கிராம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் அது உட்காரும் இடம்தான் பிரச்சினை.

ராக்கெட்டை வீசும்போது கை உணரும் கனத்தை ஸ்விங்வெயிட் என்கிறோம். கைப்பிடியின் அடியிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஓர் அச்சு இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கிராமையும் அந்த அச்சிலிருந்து செ.மீ.யில் அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டி, ஆயிரத்தால் வகுப்பார்கள்; கிடைப்பதுதான் ஸ்விங்வெயிட் அலகு. 27 அங்குல ராக்கெட்டின் நுனி அந்த அச்சிலிருந்து 58 செ.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கே 1 கிராம் ஏறினால் ஸ்விங்வெயிட் 3.4 அலகு கூடும். கழுத்துப் பகுதியில் ஏறும் அதே 1 கிராம் ஓர் அலகுகூடக் கூட்டாது. 9 கிராம் பெயிண்ட் ஃப்ரேம் முழுக்கப் பரவினால் ஸ்விங்வெயிட் 13 அலகை ஒட்டி உயரும். நுனியில் 4 கிராம் ஈய டேப் ஒட்டினால் என்ன ஆகுமோ அதே விளைவு. சமநிலைப் புள்ளியும் கிட்டத்தட்ட அரை செ.மீ. மேலே நகரும். சர்வ் போடும்போது நிச்சயம் தெரியும். மூன்றாவது செட்டில் தோளுக்கும் தெரியும்.

கைப்பிடிக்குள் எடை சேர்த்துச் சரிக்கட்டலாமே என்று பலர் கேட்பார்கள். சமநிலைப் புள்ளியை அப்படித் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் ஏறிய ஸ்விங்வெயிட் குறையாது, மொத்த எடைதான் இன்னும் கூடும். அதனால் முதலிலேயே குறைவாக ஏற்றுவதுதான் வழி. மொத்தத்தில் 3, 4 கிராமுக்கு மேல் கூடாமல் முடிக்க வேண்டும் என்று குறி வைத்துக்கொள்ளுங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அதை வைத்தே எடுங்கள். நகை எடை போடும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் நல்லது. நரம்பை எடுத்ததும் ஒரு முறை, தேய்த்ததும் ஒரு முறை, ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஒரு முறை எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிறத் தேர்வு இந்த விஷயத்தில் மிகச் சரியானது. கறுப்புக்கு அடியிலிருப்பதை மறைக்கும் சக்தி அதிகம், மெல்லிய இரண்டு பூச்சு போதும். மஞ்சள், ஆரஞ்சு, பளீர் சிவப்பு இவற்றுக்கெல்லாம் அந்தச் சக்தி குறைவு. அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு கேட்கும், மேலே மூன்று நான்கு பூச்சு கேட்கும். ரோஜர் ஃபெடரர் 2013இல் ஹாம்பர்க், க்ஷ்டாட் போட்டிகளில் 98 சதுர அங்குலத் தலைப்பரப்புள்ள சோதனை ராக்கெட் ஒன்றோடு ஆடினார். அது அலங்காரமே இல்லாமல் வெறும் கறுப்பாக இருந்தது. இன்றைக்கும் பலர் முழுக் கறுப்பு ராக்கெட்டை விரும்புவதற்கு அந்தப் படங்களும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அடுத்து ரிமூவர். வேண்டவே வேண்டாம். ஃப்ரேம் என்பது கார்பன் இழைகளை எபாக்ஸி பிசினில் தோய்த்து அச்சில் வார்த்தது. இழைகளைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பிசின்தான். பெயிண்ட் ரிமூவரில், குறிப்பாக மெத்திலீன் குளோரைடு கலந்ததில், பெயிண்டை இளக்கும் அதே மருந்து பிசினையும் தாக்கும். ஹீட் கன்னும் அப்படித்தான், சூடு ஏறினால் எபாக்ஸி இளகும். அதோடு, பழைய பெயிண்டை முழுவதும் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. தொழிற்சாலைப் பூச்சு ஃப்ரேமோடு நன்றாக ஒட்டியிருக்கிறது. அதன் பளபளப்பை மட்டும் மழித்துவிட்டால் அதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. பெயர்ந்த இடங்களில் மட்டும் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து மேடு தெரியாமல் செய்தால் போதும்.

இதற்கு முன் ஒரு விஷயம் பார்த்தாக வேண்டும். ராக்கெட்டின் வெளிவிளிம்பில் ஓடும் பிளாஸ்டிக் பம்பரும், நரம்பு நுழையும் குரோமெட்டுகளும் எட்டு வருடத்தில் காய்ந்து நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். கழற்றும்போது உடைவதற்கே வாய்ப்பு அதிகம். ஒரே பெயரில் வரும் ராக்கெட்டானாலும் தலைமுறைக்குத் தலைமுறை குரோமெட் வேறு. அதனால் உங்கள் மாடலுக்கான செட் கையில் வந்து சேர்ந்த பிறகுதான் பழையதைத் தொட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் இந்த வேலையை விட்டுவிடுங்கள். பெயர்ந்த இடங்களில் மட்டும் பைக் டச்சப் பெயிண்டோ நெயில் பாலிஷோ தொட்டு வைத்தால் போதும், அதில் எடையும் ஏறாது. சொல்லப்போனால், பெயர்ந்தது நாலைந்து இடம்தான் என்றால் நான் முதலில் சிபாரிசு செய்வதும் அதைத்தான்.

குரோமெட் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நரம்பை வெட்டும்போது நடுவிலிருந்து தொடங்கி, நெடுக்கு நரம்பு ஒன்று, குறுக்கு நரம்பு ஒன்று என மாற்றி மாற்றி வெளிப்பக்கம் நோக்கி வெட்டுங்கள். ஒரு பக்கத்து இழுவிசை மட்டும் போனால் ஃப்ரேம் கோணலாக அழுந்தும். குரோமெட்டின் உட்பக்க விரிந்த நுனிகளைப் பிளேடால் நறுக்கிவிட்டு மெதுவாக வெளியே தள்ளுங்கள். கழற்றியதும் நல்ல வெளிச்சத்தில் ஃப்ரேமைப் பாருங்கள், முக்கியமாகக் கழுத்தையும், கடிகார முகமாக வைத்துக்கொண்டால் 10 மணி, 2 மணி இருக்கும் இடங்களையும். மயிரிழை போலக் கோடு தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் தேய்த்துப் பாருங்கள். பெயிண்டோடு கோடு மறைந்துவிட்டால் கவலையில்லை. அடியில் கார்பனிலும் கோடு தொடர்ந்தால் அந்த ராக்கெட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது வீண். நரம்பு கட்டும்போதோ, ஆடும்போதோ உடையும்.

தேய்ப்பதற்கு 400, 600 நம்பர் வாட்டர் பேப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். எப்போதும் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் தூசி மூச்சுக்குழலுக்கும் தோலுக்கும் கெடுதல், அதில் கார்பன் இழைத் துகள் கலந்திருந்தால் இன்னும் மோசம். தண்ணீர் தொட்டாலும் என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். துளைகள் வழியாக ஃப்ரேமுக்குள் தண்ணீர் போகும், தேய்த்து முடித்ததும் வடியவிட்டு ஒரு நாள் உலர்த்துங்கள். கறுப்பாக இழை தெரிய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். இழையைத் தேய்ப்பது ஃப்ரேமின் பலத்தைத் தேய்ப்பதுதான். நுனியில் தரையில் உரசி இழை ஏற்கெனவே சிலும்பியிருந்தால், மெதுவாக இறுகும் வகை அரால்டைட்டை (எபாக்ஸி பசை) மிக மெல்லிதாகத் தடவி, இறுகிய பிறகு தேய்த்துச் சமன் செய்யுங்கள். கார் வேலைக்குப் போடும் பட்டியைக் குவித்துப் பூச வேண்டாம். அது கனம், போதாததற்கு நுனியிலேயே உட்காரும்.

தேய்த்து முடித்ததும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் சின்னச் சின்னக் குழிகளாக விலகும்.

இனி மறைக்கும் வேலை, பொறுமை அதிகம் தேவைப்படுவது இங்கேதான். கைப்பிடியை மாஸ்கிங் டேப்பால் சுற்றுங்கள். ஒவ்வொரு நரம்புத் துளைக்குள்ளும் சுருட்டிய காகிதத்தையோ ஸ்பாஞ்சுத் துண்டையோ செருகுங்கள். துளைக்குள் பெயிண்ட் போனால் குரோமெட் உள்ளே இறங்காது, அடித்து இறக்கினால் விளிம்பு பெயரும். பலர் கவனிக்காத இடம் பம்பர் உட்காரும் பள்ளம். எப்படியும் பம்பர் அதை மூடிவிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. எடை அதிகம் உறைக்கும் நுனிப்பகுதியும் அதுதான். அதன் மேல் டேப் ஒட்டிப் பெயிண்ட் படாமல் விட்டுவிடுங்கள். ஒரு செலவும் இல்லாமல் நுனியில் எடை ஏறுவது குறையும், புது பம்பரும் சரியாகப் பொருந்தும்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஸ்ப்ரே கேன் போதும், ஆனால் அக்ரிலிக் வகையாகப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் பிரைமர், மேட் கறுப்பு, மேட் கிளியர் மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். வேறு வேறு நிறுவனத்தின் கரைப்பான்கள் ஒன்றோடொன்று சேராமல் அடிப்பூச்சு சுருங்கிவிடலாம். பிரைமர் ஃப்ரேம் முழுக்கத் தேவையில்லை. தேய்த்ததில் அடிப்பகுதி வெளியே தெரிந்த இடங்களுக்கும் அரால்டைட் பூசிய இடங்களுக்கும் மட்டும் ஒரு தூவல் போதும். மற்ற இடங்களில் பழைய பூச்சே பிரைமர் வேலையைச் செய்யும். இதிலேயே 2 கிராமுக்கு மேல் மிச்சம்.

கார், பைக் பட்டறைகளில் ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பியூ (பாலியூரிதேன்) கிளியர் இதைவிடப் பல மடங்கு உறுதியானது, அதை மறுக்க முடியாது. ஆனால் அதை வீட்டில் அடிக்காதீர்கள். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தூவலாக மூச்சில் போனால் ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது அது. என்95 மாஸ்க் அதைத் தடுக்காது. அந்த உறுதி வேண்டுமென்றால் கறுப்பை வீட்டில் அடித்துவிட்டு, கிளியரை மட்டும் உரிய சாதனங்கள் உள்ள டிங்கரிங் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது ஒரே ஒரு மெல்லிய பூச்சு என்று அழுத்திச் சொல்லுங்கள். கார் கதவுக்கு அடிக்கிற கனத்தில் அடித்துவிட்டால் நாம் பார்த்துப் பார்த்துச் சேமித்த கிராம் எல்லாம் போய்விடும். சாதாரண அக்ரிலிக் கேனுக்கும் திறந்தவெளியோ காற்றோட்டமான மாடியோ வேண்டும்; மாஸ்க்கும் கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் கார்பன் வடிகட்டி உள்ளதாக இருக்கட்டும்.

சென்னையில் இருப்பதால் ஈரக்காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படியும். கறுப்பு வெளுத்து, சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்த வேலையை எடுக்க வேண்டாம். மற்ற மாதங்களில் கடல்காற்று ஏறுவதற்கு முன், முற்பகலில், நிழலில் அடியுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே சிக்கிய கரைப்பான் கொப்புளமாகக் கிளம்பும்.

கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே, 20 முதல் 25 செ.மீ. தள்ளி நின்று அடியுங்கள். முதலில் வளையத்தின் உட்பக்கம், பிறகு கழுத்தின் இடுக்கு, அதன் பிறகே முன்னும் பின்னும். வெளியே தொடங்கி வெளியே முடியும் வீச்சாக இருக்கட்டும், ஃப்ரேமின் மேலே வைத்துப் பொத்தானை அழுத்தினால் அந்த இடத்தில் வழியும். முதல் தூவலில் கறுப்பு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் கொஞ்சம் என்று அடிக்காதீர்கள். 10, 15 நிமிடம் விட்டு இரண்டாவது தூவலில் மூடிக்கொள்ளும். எழுத்தோ லோகோவோ வேண்டுமானால் ஸ்டென்சில் வைத்து இந்தக் கட்டத்தில் லேசாகத் தூவுங்கள். மேட் கிளியரில் ஒன்று நினைவிருக்கட்டும்: அதைப் பின்னால் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, தேய்த்த இடம் மினுங்க ஆரம்பித்துவிடும். வழிந்த இடம், தூசி எல்லாவற்றையும் 800 நம்பர் பேப்பரால் கறுப்பிலேயே சரிசெய்துவிட்டு, கிளியரை ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு வாரமாவது சும்மா தொங்கவிடுங்கள். நரம்பு கட்டும் இயந்திரம் ஃப்ரேமைப் பல இடங்களில் இறுக்கிப் பிடிக்கும், இளம் பெயிண்டில் அந்தப் பிடியின் தடம் அப்படியே பதியும். நரம்பு கட்டுபவரிடம் புதிதாகப் பெயிண்ட் அடித்தது என்று சொல்லி, பிடிகளுக்கு அடியில் மெல்லிய துணி வைக்கச் சொல்லுங்கள். முதல் சில ஆட்டங்களுக்குப் பிறகு பம்பருக்குப் பக்கத்தில் லேசாகப் பெயர்ந்தால், மிச்சமிருக்கும் கறுப்பைக் கேன் மூடியில் கொஞ்சம் அடித்து, பல்குத்தும் குச்சியால் தொட்டு வையுங்கள். அதற்காக மறுபடியும் முழுவதும் அடிக்கக் கிளம்ப வேண்டாம்.