மார்ட்கேஜ்: அந்த டி எதற்கு, செத்தது எது?

கேள்வி இதுதான்: அடமானத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை மார்ட்கேஜ் என்று எழுதிவிட்டு மார்கேஜ் என்று படிக்கிறோமே, நடுவில் அந்த டி எதற்கு? அப்புறம், அந்தச் சொல்லுக்கு ‘சாகும்வரை கட்டும் கடன்’ என்று பொருள் என்கிறார்களே, அது நிஜமா?

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். நிஜம் இல்லை. பாதி நிஜம் என்று வேண்டுமானால் சொல்லலாம், பாதி நிஜமாக இருப்பதால்தான் இப்படிப் பரவுகிறது. பழைய பிரெஞ்சில் மார்ட் என்றால் செத்த, கேஜ் என்றால் ஈடு, பிணை. சேர்த்தால் ‘செத்த ஈடு’. செத்தது ஈடு, கடன் வாங்கினவர் இல்லை. அந்தச் சொல் பிறந்தபோது முப்பது வருஷத்துக்கு மாதத் தவணை கட்டுகிற வீட்டுக்கடன் என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது, பிறகு சாகும்வரை கட்டுவது எங்கிருந்து வரும்?

சரி, ஈடு எப்படிச் சாகும்? பத்திரங்களை மொழிபெயர்ப்பது என் தொழில் என்பதால் இதை அவ்வப்போது துருவிப் பார்த்திருக்கிறேன். இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. இணையத்தில் எங்கும் கிடைப்பது எட்வர்ட் கோக் சொன்னதாக வருவது. இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர், 15ஆம் நூற்றாண்டில் லிட்டில்டன் என்ற நீதிபதி எழுதிய நிலச் சட்ட நூலுக்கு 1628-இல் உரை எழுதினார். மூல நூலில் லிட்டில்டனே சொல்வது இது: கடன் வாங்கினவர் குறித்த நாளில் பணம் கட்டவில்லையென்றால் நிலம் அவரைப் பொறுத்தவரை செத்தது, கட்டிவிட்டாலோ கடன் கொடுத்தவரைப் பொறுத்தவரை ஈடு செத்தது. எப்படிப் பார்த்தாலும் ஒரு சாவு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பெயர் வைத்து ரொம்ப நாள் கழித்து உட்கார்ந்து யோசித்துச் சொன்ன காரணம் மாதிரியும் இருக்கிறது.

எனக்கு நம்பிக்கை வருவது இரண்டாவதன் மேல்தான், ஏனென்றால் அது லிட்டில்டனுக்கு ஏறக்குறைய முந்நூறு வருஷம் முந்தியது. கிளான்வில் என்பவர் பெயரில் வழங்கும் ஒரு லத்தீன் சட்ட நூல் இங்கிலாந்தில் 1187, 1189 வாக்கில் எழுதப்பட்டது. அதில் ஈடுகளில் ஒரு வகைக்கு மோர்ட்டுவம் வாடியம், அதாவது செத்த ஈடு என்று பெயர். அதற்கு நேர் எதிரான உயிருள்ள ஈடும் அந்தக் காலத்து வழக்கில் இருந்தது. வித்தியாசம் ரொம்ப எளிது. ஒருவர் நூறு பவுண்டு கடன் வாங்கி, ஒரு நிலத்தை ஈடாகக் கொடுக்கிறார், கடன் கொடுத்தவர் நிலத்தில் இறங்கி அனுபவிக்கிறார், வருஷத்துக்குப் பத்து பவுண்டு வருமானம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உயிருள்ள ஈடாக இருந்தால் அந்தப் பத்து பவுண்டு அசலில் கழியும், பத்து வருஷத்தில் கடன் தானாகவே அடைந்து நிலம் திரும்பிவிடும். செத்த ஈடு என்றால் வருமானம் முழுவதும் கொடுத்தவருக்கு, கடனில் ஒரு பென்னி கழியாது. பத்து வருஷம் ஆனாலும் இருபது வருஷம் ஆனாலும் அந்த நூறு அப்படியே நிற்கும். நாம் போக்கியம் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். நிலம் விளைகிறது, ஆனால் கடனை அடைப்பதில் அது செத்த பிணம். அதனால் செத்த ஈடு.

இதில் கவனிக்க வேண்டியது, இது ஒரு திட்டுச் சொல் போலத்தான் இருந்திருக்கிறது. வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1179-இல் நடந்த மூன்றாம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, வெளிப்படையாக வட்டித் தொழில் செய்கிறவருக்குக் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம்கூடக் கிடையாது என்று தீர்மானம் போட்டது. அசல் குறையாமல் நில வருமானத்தை மட்டும் சாப்பிடுவது வட்டி இல்லாமல் வேறென்ன? கிளான்வில் நூலும் அதைத்தான் சொல்கிறது: அரசன் நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைத் தடுக்காது, ஆனால் இது ஒருவகை வட்டி, இப்படி ஓர் ஈட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் செத்து, அது நிரூபணமும் ஆகிவிட்டால் அவருடைய பொருள்களுக்கு வட்டிக்காரர் பொருள்களுக்கு நேர்வதுதான் நேரும். அதாவது அரசன் எடுத்துக்கொள்வான். செத்தபின்தான் தண்டனை என்பதால் கொடுத்தவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை!

லிட்டில்டன் காலத்துக்குள் நடைமுறையே மாறிவிட்டது. நிலத்தைக் கடன் கொடுத்தவர் பெயருக்கே கிரயம் செய்துவிட்டு, குறித்த நாளில் பணம் வந்தால் திருப்பி எழுதித் தர வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். ஒரு நாள் தவறினாலும் நிலம் போனது போனதுதான். பெயர் பழையது, ஏற்பாடு புதியது, ஆகவே பழைய பெயருக்குப் புதுக் காரணம் ஒட்டிக்கொண்டது. அதிலும் ஒரு வேடிக்கை, கோக் உரை எழுதிய அதே 17ஆம் நூற்றாண்டில் சான்சரி என்ற, நியாயத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் குறுக்கே வந்து, நாள் தவறினாலும் பணத்தைக் கட்டி நிலத்தை மீட்கலாம் என்று மீட்புரிமையை நிலைநாட்டிவிட்டது. கெடு தாண்டினால் நிலம் செத்தது என்ற விளக்கம் அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது.

பிறகு நடந்ததை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1925-ஆம் வருஷத்துச் சொத்துச் சட்டம் இங்கிலாந்தில் இப்படி நிலத்தையே எழுதிக்கொடுக்கும் முறையை நிறுத்தியது, அதற்குப் பதிலாகக் கடன் கொடுத்தவருக்கு 3000 வருஷக் குத்தகை என்று ஒரு கற்பனையை வைத்தது. ஆமாம், மூவாயிரம்தான், பூஜ்யம் கூடிப்போகவில்லை. கூடவே, குத்தகை எதுவும் இல்லாமல் சொத்தின் மேல் பொறுப்பு, அதாவது கடன் வராவிட்டால் அதிலிருந்து வசூலிக்கும் உரிமை மட்டும் ஏற்றும் வழியையும் கொடுத்தது, அங்கே இன்று நடப்பது அதுதான்.

இப்போது டி. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் இது டி இல்லாமல்தான் எழுதப்பட்டது, எம், ஓ, ஆர், நேராக ஜி. அதாவது நாம் இன்று சொல்லும் உச்சரிப்புத்தான் பழையது, எழுத்து பின்னால் வந்தது. லத்தீன் படித்தவர்கள், இது மோர்ட்டுவஸ் என்ற மூலத்திலிருந்து வந்ததாயிற்றே, டி இல்லாமல் எப்படி என்று அதை உள்ளே செருகினார்கள். கை எழுதியது, வாய் கேட்கவில்லை. கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லில் வாய் திறக்காத ஒரு பி உட்கார்ந்திருக்கிறதே, அதுவும் டெபிட்டம் என்ற லத்தீனுக்காக இதே போல் செருகியதுதான்.

கேஜ் தனிக்கதை. அது ஜெர்மானிய வேர், பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது. கூலியைக் குறிக்கும் வேஜ், நிச்சயதார்த்தம் வரை போகிற எங்கேஜ் இரண்டும் அதே வேர். கல்யாணத்தைக் குறிக்கும் வெட்டிங் கூட அந்த வேருக்கு உறவுதான். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, வாக்குக்கு ஈடாக ஒன்றைக் கொடுப்பது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், டி-யை விட இதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மார்கேஜர், மார்கேஜீ என்று பத்திரத்தில் இரண்டு பேர் வருவார்கள். வங்கிதானே மார்கேஜ் கொடுக்கிறது, அப்போது மார்கேஜர் வங்கிதான் என்று நினைப்பது சகஜம். ஆனால் வங்கி கொடுப்பது கடன், மார்கேஜைக் கொடுப்பது சொத்தை ஈடு வைப்பவர். ஆகவே ஓ, ஆர் என்று முடிபவர் சொத்துக்காரர், இரண்டு இ-யில் முடிபவர் கடன் கொடுத்தவர். அந்த ஓ-வுக்கு முன்னால் நிற்கும் ஜி-யை ஆங்கில வழக்கப்படி ‘க’ ஒலியில்தான் படிக்க வேண்டும், ஆனால் இங்கே ‘ஜ’ ஒலிதான். இந்த உறுத்தலால்தானோ என்னவோ இ, ஆர் என்று எழுதுபவர்களும் உண்டு, அகராதிகளும் அதை ஒப்புக்கொள்கின்றன. சட்டப் பத்திரத்தில் ஓ, ஆர் போடுவதுதான் வழக்கம், அப்படியே போடுங்கள்.