மேல் துளை தேய்ந்த பச்சைக்கல்

அன்புள்ள ஐயா,

நியூசிலாந்தின் வெலிங்டனில் மகன் வீட்டில் இருந்தபோது தே பாபா அருங்காட்சியகத்தில் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் பச்சைக்கல் பதக்கம் ஒன்றைப் பார்த்தேன். தலையைச் சாய்த்த குட்டி மனித உருவம். கயிறு கோக்கும் துளை உடைந்து, பக்கத்தில் இன்னொரு துளை போட்டிருந்தது. இத்தனை அருமையான பொருளை ஏன் பழுதோடு வைத்திருக்கிறார்கள்? நான் ஒன்று வாங்கி அணியலாமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள அம்மா,

அந்தத் துளை உங்கள் கண்ணில் பட்டதே, அதில்தான் எல்லாம் இருக்கிறது.

நீங்கள் பார்த்தது ஹெய் டிக்கி. 'ஹெய்' என்றால் கழுத்தில் தொங்குவது. 'டிக்கி' மனித உருவம். கல்லின் பெயர் பௌனமு. சம்மட்டிக்கே எளிதில் உடையாத அந்தக் கல்லை, இரும்பை அறியாத காலத்தில் மணற்கல்லில் தண்ணீர் விட்டு மாதக்கணக்கில் தேய்த்தே உருவமாக்கினார்கள். அப்படிப்பட்ட கல்லின் துளையை வெறும் நார்க்கயிறு அறுத்திருக்கிறது! எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்போமே, இங்கே தேய்த்தது பாட்டி, மகள், பேத்தி என்று வழிவழியாக வந்த கழுத்துகள். துளை விட்டுப்போனதும் புதுத்துளை போட்டு மறுபடி அணிந்துகொண்டார்கள். அது பழுதில்லை அம்மா, அந்த வீட்டின் வம்சாவளி.

இவற்றில் பலவற்றுக்குச் சொந்தப் பெயர் உண்டு. சாவு வீட்டில் உடலருகே வைப்பார்கள். சிலசமயம் உடலோடு புதைத்து, பின்னாளில் எலும்புகளை எடுத்து மறு அடக்கம் செய்யும்போது மீட்டு, உறவில் ஒருவருக்குக் கொடுப்பார்கள். நெடுங்காலம் பிரிந்திருந்த டிக்கி வீடு திரும்பினால், இறந்தவரே வந்ததுபோல அதைத் தொட்டு அழுவார்கள். அதிர்ஷ்டக்கல் என்று கடைகளில் சொல்வதைக் கேட்டால் எனக்கு மனம் வலிக்கிறது.

தென்தீவின் மேற்குக் கரையில் அரஹுரா ஆறு இந்தக் கல்லுக்குப் பேர்போனது. அங்குள்ள ஙாய் தாஹு என்ற மாவோரி குலத்தாருக்கே இயற்கையான பௌனமு சொந்தம் என்று 1997இல் சட்டம் வந்தது. கனடா, சீனக் கற்களும் அதே பச்சையில் கடைகளில் கிடக்கின்றன. எந்த ஊர்க் கல், யார் செதுக்கியது என்று கேட்டு வாங்குங்கள்.

தாராளமாக அணியலாம். ஆனால் தனக்கென்று தானே வாங்கக்கூடாது, பிறர் தந்து பெறவேண்டும் என்று அங்கே பலர் சொல்வார்கள். உங்கள் மகன் வாங்கித் தரட்டும். டிக்கி உருவம் வேண்டாம், அது அவர்களின் மூதாதை. எளிய வடிவம் ஒன்று போதும். பீரோவில் பூட்டாதீர்கள். தோலில் பட்டுப்பட்டுத்தான் அந்தக் கல்லுக்கு மினுமினுப்பு வரும்.