அண்டா சமையல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மருந்து ஆலையில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதை விடாமல் படித்துவருகிறேன். எனக்குத் தேவகோட்டை. எம்.எஸ்.சி. கடைசி ஆண்டு, கரிம வேதியியலில் புராஜெக்ட். ஆறு படிகளில் ஒரு மூலக்கூறைக் கட்டினேன். கடைசியில் கையில் நின்றது 12 மில்லிகிராம். நான்காம் படியில் ஒரு மெத்தில் எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த பொருள்) வரும். வினை முடிந்ததும் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசலால் கழுவுவேன். அங்கே யீல்டு, அதாவது வரவேண்டிய சரக்கில் கைக்கு வருவது, ஒருநாள் 78 சதவீதம் வரும், ஒருநாள் 55. காரணம் தெரியவில்லை.

இப்போது ஒரு மருந்து நிறுவனத்தின் பிராசஸ் டெவலப்மென்ட் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. என் வழிகாட்டி, “அது ஆராய்ச்சி இல்லப்பா, அண்டா சமையல். எவனோ கண்டுபிடித்ததைப் பெரிய பாத்திரத்தில் செய்வது” என்கிறார். பிஎச்.டி.க்குப் போகச் சொல்கிறார். அப்பா வேலைக்குப் போகச் சொல்கிறார். அது உண்மையிலேயே ஆராய்ச்சிதானா? ஒரு கிராமில் வந்த வினை நூறு கிலோவில் ஏன் வராமல் போகிறது?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

அண்டாவிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வழிகாட்டி கல்யாண வீட்டுச் சமையல் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவராகத் தெரியவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது, எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் பலகாரம் போட ஒரு ஆச்சி வருவார். மணகோலம் என்கிற இனிப்புக்கு அவர் வெல்லப் பாகு வைப்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரு கிலோ வெல்லத்துக்குப் பாகு வைக்கும்போது, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டால் இறக்கிவிடுவார்கள். அந்த ஆச்சியோ பெரிய உருளியில் வைக்கும்போது, சொட்டு உருளுவதற்கு முன்பே அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துவிடுவார். “ஆச்சி, இன்னும் உருளவே இல்லையே” என்றேன் ஒருமுறை. “நீ உருட்டிப் பாக்குறதுக்குள்ள அதுவே உருண்டுக்கும்டா” என்றார். உருளி நிறையப் பாகு சூடு அடங்க வெகுநேரம் ஆகும். அடுப்பு அணைந்த பிறகும் அது முற்றிக்கொண்டேதான் இருக்கும்.

கணக்கில் சொல்வதானால், உங்கள் 100 மில்லி குடுவையிலிருந்து ஆலையின் 1,000 லிட்டர் ரியாக்டருக்கு (வினைக்கலனுக்கு) போகும்போது கொள்ளளவு 10,000 மடங்கு பெருகுகிறது. சுவரின் பரப்பு ஏறக்குறைய 460 மடங்குதான் பெருகுகிறது. வெப்பம் வெளியேறுவது சுவர் வழியாகத்தானே? ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கிற சுவர் 20-இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. ஐஸ் தொட்டியில் வைத்து ஐந்து நிமிடத்தில் நீங்கள் சொட்டவிட்ட வினைபொருளை, ஆலையில் ஐந்து மணி நேரம் சொட்டவிட வேண்டியிருக்கும். அவசரப்பட்டால் வெப்பம் கைமீறும். சரி, மெதுவாகவே விடுவோம் என்றால் இன்னொரு தொல்லை: முதல் மணியில் உருவான சரக்கு மீதி நான்கு மணி நேரம் அந்தக் கலவையிலேயே ஊறிக்கிடக்கும். அப்படிக் கிடந்தால் அது என்ன ஆகும் என்று குடுவையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாத்திரம் பெரிதாகும்போது ஒவ்வொரு படிக்கும் ஆகும் நேரமும் மாறிவிடுகிறது. அந்த நேரத்தோடு மல்லுக்கட்டுவதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி.

ஆய்வகத்தில் நீங்கள் யோசிக்காமலே செய்கிற பாதி வேலைகள் ஆலையில் கிடையாது. சோடியம் சல்பேட்டைப் போட்டு ஈரம் எடுப்பது, ரோட்டாவேப் என்கிற சுழல் ஆவியாக்கியில் வற்ற வற்றக் காய்ச்சுவது, டைஎத்தில் ஈதரைக் கரைப்பானாக எடுப்பது எதுவும் அங்கே இல்லை. உங்கள் ஆய்வகப் பையன்கள் ‘காலம் (column) போடுகிறேன்’ என்று சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயோடு மூன்று நாள் உட்கார்ந்திருப்பார்களே, அதையும் முடிந்தவரை தவிர்த்துவிடுவோம். சரக்கைப் படிகமாகவே இறக்கித் தூய்மைப்படுத்தியாக வேண்டும்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். நீளமான கார்பன் வால் கொண்ட ஒரு எஸ்டர், டொலுவீன் என்கிற கரைப்பானில் கரைந்திருக்கிறது. மிச்ச அமிலத்தைப் போக்க நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் ஒரு கழுவல், அவ்வளவுதான். ஆய்வகத்தில் பிரிபுனலைக் குலுக்கி ஸ்டாண்டில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் டொலுவீன் மேலே, தண்ணீர் கீழே என்று பிரிந்து நடுவில் கோடு விழுந்துவிடும். யீல்டு 82 சதவீதம், நாலு தடவை செய்து நாலு தடவையும் அதேதான். செய்முறையை எழுதியவன் நான். கையெழுத்தும் நான்.

உள்ளே கண்ணாடிப் பூச்சுள்ள 2,000 லிட்டர் ரியாக்டரில் முதல் பேட்ச். இரவு ஒரு மணிக்கு ஷிப்டிலிருந்து போன். ஆபரேட்டர் புதுவயல்காரர், நம்ம பக்கம் என்பதால் என்னிடம் உரிமையாகப் பேசுவார். “லேயர் பிரியல சார். சைட் கிளாஸ்ல டார்ச் அடிச்சுப் பாத்தா வெறும் நொரையா இருக்கு. சோப்புத் தண்ணி மாதிரி.” நான் தூக்கத்தில், “இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கண்ணே, பிரிஞ்சிரும்” என்றேன். மூன்று மணிக்கு மறுபடியும் போன். உப்புக் கரைசல் விடச் சொன்னேன். காலை ஆறரைக்குத்தான் கோடு விழுந்தது. யீல்டு 61. ஆபரேட்டர் கிளறியை வேகமாக ஓட்டிவிட்டார், கவனக்குறைவு என்று மேலே அறிக்கை போனது. அதில் நானும் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இரண்டாவது பேட்ச், வேறு ஆள், வேகம் பாதி. அதே நுரை. அன்றைக்குத்தான், கழிவுக்குப் போகவிருந்த தண்ணீர் அடுக்கில் ஒரு பீக்கர் பிடித்து, கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டேன். பால் மாதிரித் திரண்டு வெள்ளையாக அடியில் இறங்கியது. எங்கள் சரக்குதான். எஸ்டர் உடைந்து அமிலமாகி, காரத்தில் உப்பாகித் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. நீள வால், தலையில் சோடியம் உப்பு: அது சோப்பேதான். சோப்பு உருவாக உருவாக அடுக்கு பிரிய மறுக்கும். பிரியாமல் நிற்கிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் எஸ்டர் உடையும், இன்னும் சோப்பு. ஆபரேட்டர் போனில் சொன்னது உவமை இல்லை, பகுப்பாய்வு. ஆய்வகத்தில் இரண்டு நிமிடத்தில் பிரித்து எடுத்துவிட்டதால் அந்தச் சோப்பு எங்கள் கண்ணிலேயே படவில்லை.

ஹைட்ராக்சைடை எடுத்துவிட்டு, காரத்தன்மை குறைந்த சோடியம் பைகார்பனேட்டுக்கு மாறினோம். அதில் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். அதற்காகத்தான் நான் முதலில் அதைத் தவிர்த்திருந்தேன். மெதுவாக விட்டு, வாயு போக வழி செய்தால் போதும் என்று ஆனது. பழைய யீல்டு திரும்பி வந்தது. அந்த அறிக்கையை மட்டும் யாரும் திருத்தவில்லை.

உங்கள் கேள்விக்கு இதற்கு மேல் என்ன சொல்ல? எஸ்டர் காரத்தில் உடையும் என்பது பிளஸ் டூ பாடம். என் செய்முறையில் அது எங்கே, எந்த அரைமணியில் நடக்கிறது என்று தேடிப்பிடித்ததை நான் ஆராய்ச்சி என்றுதான் சொல்வேன்.

தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வால்சார்டன் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. சீனாவில் ஒரு நிறுவனம் அதைச் செய்யும் முறையை மேம்படுத்தியது. மூலக்கூறில் டெட்ரசோல் என்ற நைட்ரஜன் வளையத்தைக் கட்டிய பிறகு மிஞ்சும் அசைடு என்ற நச்சு வினைபொருளை அழிக்கச் சோடியம் நைட்ரைட் சேர்ப்பார்கள். கரைப்பானாக இருந்தது டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு). அதில் டைமெத்தில் அமீன் கொஞ்சம் இருக்கும். அதுவும் நைட்ரைட்டும் ஒரே பாத்திரத்தில் அமில நிலையில் சந்தித்தால் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏ பிறக்கும். 2018-இல் அது வெளிவந்தபோது பல நாடுகளில் மாத்திரைகளைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பொருளுக்கு ஏற்கத்தக்க அளவு ஒரு நாளைக்கு 96 நானோகிராம். உங்கள் 12 மில்லிகிராமை ஒன்றேகால் லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு அவ்வளவு வரும். இப்படி ஒரு பக்கவினையைக் காகிதத்திலேயே முன்கூட்டிப் பார்க்கிற கண்தான் இங்கே தேவை.

எச்.ஐ.வி.க்கான ரிட்டோனவிர் கதை வேறு மாதிரி. 1996-இல் சந்தைக்கு வந்தது. 1998-இல் திடீரென்று ஆலையில் புதிதாக ஒரு படிக வடிவம் தலைகாட்டியது. மூலக்கூறு அதேதான், படிகத்துக்குள் அது அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு, முன்போல் கரையவில்லை. கேப்ஸ்யூல்களை நிறுத்தவேண்டியதாயிற்று. மருந்து வந்து இரண்டு வருடம் கழித்து!

நம் நாட்டைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, செய்யும் முறைக்கு மட்டும் தந்தது. 2005 வரை அப்படித்தான். அதனால் அதே மருந்துக்கு வேறு பாதை கண்டுபிடிப்பதே முப்பது வருடங்களாக நம் வேதியியலாளர்களின் பிழைப்பாக இருந்தது. உலகத்துக்கு மலிவான மாத்திரை கிடைத்தது இந்த ‘அண்டா சமையல்’காரர்களால்தான். இதை உங்கள் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், ஆனால் வைவா முடிந்த பிறகு.

பிஎச்.டி.யா வேலையா என்பதை நான் முடிவு செய்ய முடியாது. என்னிடம் பிஎச்.டி. இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் பதவி நகராததற்கு அது ஒரு காரணம், மறைக்கவில்லை. அப்பா ஏன் வேலைக்குப் போகச் சொல்கிறார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பிஎச்.டி.தான் என்றால் உடனே வெளியூர் யோசிக்காமல், காரைக்குடியிலேயே இருக்கிற மின்வேதியியல் ஆய்வகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்டது. குரோமியம் உப்புகளைக் கொட்டிச் செய்கிற ஆக்சிஜனேற்றத்தை மின்வாயில் (எலெக்ட்ரோடில்) செய்ய முடியுமா என்பது இன்றைக்கு மருந்துத் துறையும் கேட்கிற கேள்வி. அங்கேயும் இதே தொல்லைதான்: வினை நடப்பது மின்வாயின் பரப்பில், பாத்திரம் பெருகுகிற வேகத்துக்குப் பரப்பு பெருகாது.

அப்புறம், உங்கள் நான்காம் படி. 55 வந்த அன்றைக்குக் கழுவலுக்கு நடுவில் சாப்பிடப் போனீர்களா? அடுத்த தடவை தண்ணீர் அடுக்கைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு பீக்கரில் எடுத்துக் குளிரவைத்து, லிட்மஸ் சிவக்கும்வரை அமிலம் விடுங்கள். வெள்ளையாக ஏதாவது இறங்கினால் எனக்கு எழுதுங்கள்.